கோடு வளைந்த இடம்

எனக்கு நீந்தத் தெரியாது, சேர். சின்ன வயதில் வாவியில் கால் நனைத்தாலே அக்கா சுதர்சனா என் பாவாடையைப் பிடித்துக் கரைக்கு இழுப்பாள்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனவள் நான் ஒருத்திதான். புவியியல். முடித்து மூன்று வருடமாக வேலை இல்லை. நாவற்குடா வீடு அக்காவின் சீதனம். அவளும் புருஷன் கோகுலராஜும் அறையில் படுப்பார்கள். நான் புத்தகங்களோடு விறாந்தையில். அவன் அடிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். போன வருடம் அவளுடைய கை முறிந்தது. கிணற்றடியில் வழுக்கியதாக ஆஸ்பத்திரியில் சொன்னாள்.

மாங்கேணிக் கரையிலிருந்து களவாகப் படகில், பிரெஞ்சுக்காரருடைய ரீயூனியன் தீவுக்குப் போகத் திட்டம் போட்டவன் அவன்தான்.

“பட்டதாரி மச்சாள், சும்மாதானே குந்தியிருக்காய், ஒரு பாதை கீறித் தாவன்.”

கீறினேன். இலங்கையின் தென்முனையைச் சுற்றியதும் நேரே தென்மேற்கே போனால் ஒதுங்கத் தீவுகள் உண்டு. கப்பல்களின் கண்ணிலும் படலாம். நான் கோட்டைத் தெற்கே நெடுந்தூரம் இறக்கி, பிறகுதான் மேற்கே திருப்பினேன். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. டீசல் பாதி வழியில் முடியும்.

படகோட்டி வீரகத்தி சந்தேகப்பட்டார். “இதென்ன புள்ள, கோடு இப்பிடி வளையுது?”

“நேவிக்காரன் வராத பாதை, அண்ணன்.”

“டீசல் காணுமா?”

“நீரோட்டம் இழுக்கும். கணக்குப் பார்த்திட்டன்.”

“படிச்ச புள்ள சொன்னாச் சரிதான்.”

கோகுலராஜ் மட்டும் என்னையே பார்த்தான். “மச்சாள் எனக்கு நல்லது செய்யிற ஆளா?” புத்தியுள்ள கேள்விதான்.

படகில் பதினான்கு பேர். மற்றவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒருவனுக்கு மட்டும் தனிப் பாதை கீற முடியாது.

புறப்படும் நாள் காலை அக்கா பையோடு நின்றாள். “நானும் போறன் புள்ள. அங்க போனா இவர் திருந்திருவார்.”

பாதையின் புள்ளிகளை நான் ஏற்றிவைத்த ஜீ.பீ.எஸ். கருவி அப்போது என் கையில் இருந்தது. புள்ளிகளைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். திருத்தினால் அவனும் கரை சேர்ந்திருப்பான். போகாதே என்றிருந்தால் அவனுடைய சந்தேகம் உறுதியாகியிருக்கும். அதனால் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

படகு போய் எழுபது நாளாயிற்று, ஒரு தகவலும் இல்லை. உங்கள் பொலிஸார் வீட்டில் எடுத்த, பாதை கீறிய தாளில் இருப்பது என் எழுத்துத்தான். வேறு யாரையும் தேட வேண்டாம். அக்கா இனி அடி வாங்க மாட்டாள். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன், சேர். படகு போன மறுநாளே என் புத்தகங்களை அவளுடைய அறைக்குள் அடுக்கிவிட்டேன். அங்கே காற்று நன்றாக வரும்.