ஃப்ரிட்ஜுக்குள் இருந்த மாலை

இருங்க, இருங்க... தண்ணி அப்புறம் குடிச்சுக்கறேன். எனக்கு முன்னால இந்த மேடையில பேசின கம்ப்யூட்டர் தம்பி ஒண்ணு சொல்லிட்டு உக்காந்தாரு. பேசினா பதில் சொல்ற மெஷினுக்கு நம்ம சாதாரணக் கேள்வி கூட ஏன் புரியறதில்லைன்னா... சுத்தி இரைச்சலாம். நம்ம பேச்சு அதுக்குப் பழகலையாம். தம்பி! என் குரல் எப்படின்னு இந்தத் தெருவைக் கேளுங்க. மைக் அவிஞ்சுபோன அன்னிக்கும் ஒன்றரை மணி நேரம் பேசி முடிச்சவன் நான். இரைச்சலும் இல்ல, பழக்கமும் இல்ல. காரணம் வேற. என் வீட்டுல நடந்ததையே சொல்றேன். குட்டிக் கதைதான்... காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

போன ஆவணியில என் தங்கச்சி பிரமு மகளுக்குக் கல்யாணம். பொண்ணு பேரு மதிவதனி. அவளுக்கு நான் யாரு? தாய்மாமன்! எங்க வழக்கத்துல தாய்மாமன் மாலை போட்டாத்தான் பொண்ணு மணவறைக்கே வரணும். அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பத்திரிகை எப்படி வரணும்? தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, வீடு தேடி வரணும். எப்படி வந்துச்சு? செல்போன்ல வந்துச்சய்யா! டிங்குனு!

"மாமாவை நான் பாத்துக்கறேம்மா"ன்னு பிரமு மகன் சிவநேசன் சொல்லியிருக்கான். பாத்துக்கிட்ட லட்சணம் அது. எனக்குக் கோவம் வருமா, வராதா? வந்துச்சு. இன்னும் போகலை, அது வேற விஷயம்.

கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னால ஒரு போன். பொம்பளைக் குரல். தேன் மாதிரிக் குரல்.

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் திருமணத்திற்கு நீங்கள் வருகிறீர்களா?"

மருமகன் சிவநேசன் எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லி மெஷின்கிட்ட வேலையைக் குடுத்துட்டான்! அப்ப எனக்கு அது தெரியாது. மாப்பிள்ளை வீட்டுப் பொண்ணு போலன்னு நினைச்சுக்கிட்டு மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன்.

"நான் எதுக்கும்மா வரணும்? நான் யாரு அந்த வீட்டுக்கு?"

நீங்க சொல்லுங்க... இப்படி ஒருத்தன் கேட்டா என்ன செய்யணும்? "ஐயோ, நீங்க இல்லாமலா?"ன்னு பதறணுமா, இல்லையா? அது என்ன சொல்லுச்சு தெரியுமா?

"நீங்கள் மணமகளின் தாய்மாமன். பட்டியலில் பதினேழாவது பெயர்."

பதினேழாவது! பின்னால விசாரிச்சா... பந்தல்காரர் பதினஞ்சாம்!

"அப்ப அந்தப் பதினாறு பேரையே வச்சு நடத்துங்க, நான் வரலை!"

"நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. இனிய நாளாக அமையட்டும்."

போனை வச்சிடுச்சு! ரெண்டாந்தரம் கேக்கவே இல்லைய்யா! வரலைன்னு சொன்ன மனுசனை ஒரு தரத்தோட விடற ஊரா இது?

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுச்சு. நான் என்ன பண்ணினேன்? குளிச்சேன். பட்டு வேட்டி கட்டினேன். வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். சும்மாதான்! காத்து வாங்க! தெருவுல ஆட்டோ சத்தம் கேக்கும்... எந்திரிப்பேன். பால்காரர் ஆட்டோ. உக்காருவேன். என் சம்சாரம் உள்ள இருந்து, "காத்து நல்லா வருதா?"ன்னு ஒரு குத்தல்.

மண்டபத்துல ஒன்பது மணி. பத்தரைக்கு முகூர்த்தம் முடிஞ்சிடும். பொண்ணு அலங்காரம் பண்ணி உக்காந்திருக்கா, கழுத்துல மாலை இல்ல. பிரமு கேட்டாளாம், "எங்கண்ணன் எங்கடா?"

சிவநேசன் செல்லைப் பாத்து, "மாமா வரலைன்னுட்டாரும்மா. பதிவாகியிருக்கு. பெரியப்பா மாலையைப் போட்டுடட்டும்."

"எங்கண்ணன் வரலைன்னு சொன்னா, அது வரலைன்னு அர்த்தமாடா கிறுக்கா? ஆட்டோவைக் கூப்பிடு!"

பொண்ணைப் பெத்தவ, முகூர்த்த நேரத்துல, மண்டபத்தை விட்டுட்டு வந்தா. என் வாசல்ல வந்து நின்னா. மூச்சு வாங்குது. என்ன கேட்டா?

"அண்ணே, வாறியா இல்லையா?"

அதே கேள்விதானே? மெஷின் கேட்ட அதே கேள்வி! நானும் விட்டுக்குடுக்கலை.

"நான் எதுக்கும்மா வரணும்? நான் யாரு அந்த வீட்டுக்கு?"

அதே பதில்! ஒரு எழுத்து மாறலை!

அவ என்ன பண்ணினா? என் வேட்டியை மேலயும் கீழயும் பாத்தா. விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போனா. ஃப்ரிட்ஜைத் திறந்தா. முந்தின நாளே நான் கட்டச் சொல்லி வாங்கி, ஈரத்துணி சுத்தி வச்ச சம்பங்கி மாலை... எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தா.

"செருப்பைப் போடு."

அவ்வளவுதான்!

இப்பச் சொல்லுங்க தம்பி. ரெண்டு தடவையும் கேள்வி ஒண்ணு, பதில் ஒண்ணு. மெஷினுக்கு நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு. பிழையே இல்லாம எழுதியும் வச்சுக்கிச்சு. அதுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு... நான் பதில் சொல்லலை, சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்! நம்ம வீட்டுல கேக்கற பாதிக் கேள்வி பதிலுக்காகக் கேக்கறது இல்லைய்யா. நம்மளை இன்னொரு தரம் கூப்பிடறாங்களான்னு பாக்கறதுக்குக் கேக்கறது. மெஷினை நான் குத்தம் சொல்லலை. அது எந்தத் தங்கச்சியோட பொறந்துச்சு, பாவம்! அதை அனுப்பி வச்சான் பாருங்க, அவனைத்தான் சொல்றேன். ஊருக்கெல்லாம் மெஷின் போன் போடட்டும். முறுக்கிக்கிட்டு இருக்கறவன் வீட்டுக்கு நீங்க போங்க. வாசல்ல நில்லுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். வரேன்னு நான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை! அந்த மெஷின்ல இப்பவும் பதினேழாம் பேருக்கு நேரா 'வரவில்லை'ன்னுதான் இருக்கு. கல்யாண ஆல்பத்தைத் திறந்து பாருங்க... முதல் படத்துலயே, பொண்ணுக்கு மாலை போட்டுக்கிட்டு, மூக்குக்கு மேல கோவத்தோட ஒருத்தன் நிப்பான்.