கிராணி வண்டி
ஈப்போவிலிருந்து சிலிபின் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். மோட்டார் சைக்கிள் கடைகளில் ஏறி இறங்கிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள்.

"எல்லா வண்டிலயும் ஏறி உக்காந்து பாத்தீங்க. ஒன்ன கூட ஓட்டிப் பாக்கல," என்றாள் மனைவி. அப்போதுதான் என் காது அந்தப் பக்கம் போனது.

"கப்சாய் பைக்கே எடுப்போம்லா. பெரிய சக்கரம், மழைக்கு வழுக்காது."

"அரிசி மூட்டைய எங்க வைக்கறது? ஸ்கூட்டர்னா கால்கிட்ட வச்சுக்கலாம்."

"அப்ப அந்தப் பெடல் வச்ச சின்ன வண்டி?"

"ரெண்டு பேரு ஏறுனா மேட்டுல இறங்கித் தள்ளணும். ஸ்கூட்டர்ல என்னதான் கொறை உங்களுக்கு? உண்மையச் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதற கிராணிதான் ஸ்கூட்டர்ல வருவாரு. நாம அதுல போனா, 'பால் வெட்டுனவன் கிராணி ஆயிட்டான்டா'ன்னு கோயில் வாசல்லயே சிரிப்பானுங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ சாமி! மூணு தடவ டெஸ்டுல பெயிலானது நீங்க. லைசன் எடுத்தது நானு. கிராணின்னா என்னைத்தான் சொல்லுவாங்க. பின்னால உக்காரப் போற ஆளு நீங்க, சீட்டு வசதியா இருந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க!"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஸ்கூட்டர் சீட்டு," என்றார் பிறகு, "கொஞ்சம் மெத்துனுதான் இருந்துச்சு."