ஃ எழுத்துக்குச் சந்தனம் வாங்கித் தந்த அம்மையாருக்கு

கணக்கைக் கதைபோல் சொன்ன கனிமொழியே! கண்டிப்பிலும் கருணை கரையாத காவலரே! மலைக்காற்றும் மில் சங்கொலியும் கலந்து வரும் ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில், எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் வீற்றிருந்து, இன்று பணிநிறைவு காணும் பெருமதிப்பிற்குரிய பரிபூரணம் அம்மையாரே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "போதும், கிளாசுக்குப் போங்க" என்று எங்களை விரட்டிவிடுவது அம்மையாரின் வழக்கம். ஆகவே அவர் இங்கே இல்லாததாகப் பாவித்து, அவையோருக்கே சொல்கிறோம். அம்மையார் சிறிது நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

வத்திராயிருப்பில் கணக்கு டீச்சராய்த் தொடங்கி முப்பது ஆண்டுக்கும் மேல் அவர் ஆற்றிய அரும்பணிகள் ஆயிரம். அவற்றை விட்டுவிட்டு ஒரு சுவரைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டிப் பேருந்து நிறுத்தம். இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது அந்தச் சுவரைத்தான்; எதற்கென்று மேடையில் விளக்க வேண்டியதில்லை. நாற்றம் தாங்காமல் ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர் சுப்புராஜ் அண்ணாச்சி, நல்ல மனத்தோடு முருகன், சிலுவை, பிறை மூன்றையும் டைல்ஸாக வாங்கிப் பதித்தார். சுவர் காய்ந்தது. ஆனால் சூடம் வந்தது, மெழுகுவத்தி வந்தது, ஊதுபத்தி வந்தது. எது உயரம், எது நடு என்ற வழக்கும் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்காகக் கட்சி பிரிந்து நின்ற அன்று அம்மையாருக்குச் சோறு இறங்கவில்லை.

அரசுச் சுவரில் சமயச் சின்னம் கூடாதென்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. அகற்றாவிட்டால் நடவடிக்கை, ஓய்வுபெறும் வேளையில் ஓய்வூதியம் அந்தரத்தில் தொங்கும். அகற்றினாலோ, அம்மையார் கிறிஸ்தவர் என்பதால், 'வேதக்காரி முருகனைப் பெயர்த்தாள்' என்று ஊர் பேசும். அழைத்து வந்த பாண்டி கொத்தனாரும், "உளிய வேணும்னா வச்சிட்டுப் போறேன் டீச்சர், சாமி மேல கைய வைக்கச் சொல்லாதீக" என்று கழன்றுகொண்டார்.

அம்மையார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பேருந்துக்கு நின்றவர்கள் பார்த்திருக்க, முதலில் சிலுவையில் உளியை வைத்தார். தினமும் காலையில் மனத்துக்குள் செபித்தபடி அவர் கடந்து வந்த சிலுவை அது. பழகாத கை, டைல்ஸ் இரண்டாய் விண்டது. அவர் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

அதுவரை ஆட்டோவில் முறைத்துக்கொண்டிருந்த சுப்புராஜ் அண்ணாச்சி இறங்கி வந்தார். "உளிய இங்கிட்டுக் குடுங்க. எங்க முருகன நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எதிர்க்கடை சேக் முகைதீன் பாய், "பொறவு எங்கிட்டக் குடும் அண்ணாச்சி, எங்கத நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். ஒரு சொல் தடிக்காமல் காரியம் முடிந்தது.

கடவுளைக் காவலுக்கு நிறுத்திய இடத்துக்கருகே, அம்மையார் நடையாய் நடந்து ஒரு கழிப்பறை கட்ட வைத்தார். வெறுஞ்சுவரில் அகரம் முதல் ஆய்தம் வரை எழுத்து டைல்ஸ் பதித்தார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கடைசி டைல்ஸில், ஃ எழுத்தின் மூன்று புள்ளியிலும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் பூ! அம்மையார் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சாமி இல்ல டீச்சர், ஆயுத எழுத்துதானே! ஆயுத பூசைக்கு அதுக்கு ஒரு பொட்டு வைக்கலேன்னா எப்புடி?" என்றார் அண்ணாச்சி.

"அது ஆயுதம் இல்ல அண்ணாச்சி, ஆய்தம்!" என்று சொல்லி அம்மையார் சிரித்த சிரிப்பில் பிரேயர் மணி அடிக்கவே மறந்துபோனோம். பிறகு வாளித் தண்ணீர் கொண்டுவந்து அவரே துடைத்தார். இலக்கணமும் அரசாணையும் ஒருங்கே தப்பிப் பிழைத்தன.

இனிக் காதைத் திறக்கலாம், அம்மையாரே! மூட்டுவலி அண்டாமல், முகமலர்ச்சி குன்றாமல், பேரப்பிள்ளைகளையும் வரிசையில் நிற்கவைத்து, நீடூழி வாழ்க!

அன்று விண்ட சிலுவையின் இரண்டு துண்டுகளையும் அண்ணாச்சி ஆட்டோ சீட்டுக்கு அடியில் துணி சுற்றிப் பத்திரமாய் வைத்திருந்தார். ஒட்டி, சட்டம் போட்டு, இம்மடலோடு தருகிறோம். ஒட்டிய கோடு தெரிகிறது, பொறுத்தருள்க. உங்கள் வீட்டுச் சுவருக்கு எந்த உத்தரவும் கிடையாது. பிடித்த இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆணியடிக்க அண்ணாச்சியே வருகிறாராம்.

என்றும் உங்கள் மணியோசைக்கு ஓடிவரும்
ஆசிரியர்கள், அலுவலர்கள்