டப்பாவின் மேல் மாதா

எங்கள் மருந்துக்கடையிலிருந்து யாரும் அழுதுகொண்டு படியிறங்கியதில்லை, சார். நீங்கள் மருந்து ஆய்வாளர். வில்லியனூர்ப் பக்கம் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

லியோ பிரகாஷின் மனைவி மரிய சுகந்தியும் சிரித்துக்கொண்டுதான் போவாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு முகமெல்லாம் பரு. பாண்டி தோல் டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்லி எழுதித்தந்த காப்ஸ்யூலை என்னிடம்தான் வாங்கினாள். டப்பாவின் மேல் வயிறு தள்ளிய ஒரு பெண்ணின் படம். குறுக்கே சிவப்புக் கோடு. கர்ப்பிணிகள் சாப்பிட்டால் குழந்தை ஊனமாகும் என்று பொருள். எனக்குத் தெரியும். மருந்தாளுநர் படிப்பைச் சும்மாவா படித்தேன்.

மாமியார் ஆனி மேரிக்குத்தான் வேறு பொருள் தெரிந்தது. மருமகளை இழுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி இது? புள்ள வேணாம்னு மாத்திர துன்றியா? ஜெபமால சொல்ற வாயா இது?"

"ஐயோ அத்தே, மூஞ்சிக்குத்தான். நீங்களே சொல்லுங்கண்ணா."

படத்துக்கு என்ன பொருள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு குடும்பம் என் கண்ணெதிரே உடைந்துகொண்டிருந்தது. "பருவுக்குத்தாம்மா. படம் கம்பெனிக்காரன் சும்மா போடறது" என்றேன்.

"அப்ப அந்தப் படத்த மூடிக் குடுப்பா. பாக்கவே பகீருங்குது."

நியாயமாகப் பட்டது. பிள்ளைத்தாய்ச்சியைக் கோடு போட்டு அடிப்பது என்ன பண்பு? அன்றிலிருந்து அந்தப் படத்தின் மேல் குழந்தை ஏந்திய மாதா ஸ்டிக்கரை ஒட்டினேன். அவளுக்கு மட்டுமல்ல, அந்த மருந்து வாங்கிய எல்லோருக்கும்.

நாள் தள்ளிப்போனதை சுகந்தி முதலில் என்னிடம்தான் சொன்னாள். "வூட்ல கூட இன்னும் சொல்லலண்ணா. இத்த நிறுத்திடவா?"

முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. உண்மையைச் சொன்னால் தாங்குவாளா? வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கலங்கவைப்பது பாவம். "டாக்டர் எழுதினத நடுவுல நிறுத்தாதம்மா. மாதா பாத்துக்குவாங்க" என்று அடுத்த டப்பாவையும் கொடுத்தேன். அவளுக்காகத் தினமும் ஜெபமாலை சொன்னேன். அந்த டாக்டர் ஒரு நாளாவது ஜெபமாலை சொன்னாரா, கேளுங்கள்.

பெண் குழந்தை. என்னையே ஞானத்தந்தையாக நிற்கச் சொன்னார்கள். ஞானஸ்நானத்துக்கென்று கம்மல் வாங்கி வைத்திருந்தேன். குழந்தையைப் பார்த்த பிறகு அதை வளையலாக மாற்றிக்கொண்டேன். கம்மல் போட அதற்குக் காது இல்லை. இரண்டு பக்கமும். இதயத்திலும் ஏதோ ஓட்டை என்கிறார்கள்.

சுகந்தி கடைக்கு வந்து, "நான் இன்னாண்ணா தப்பு பண்ணேன்?" என்றாள். "இது சோதனைம்மா" என்று தேற்றினேன். அன்றும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படியிறங்கினாள்.

ஆமாம் சார், ஒட்டியது நான்தான். தெரிந்தேதான் கொடுத்தேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் டப்பாக்களில் ஸ்டிக்கரை உரிக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து உரியுங்கள். மாதா கையில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.