ஒட்டிப்போன ஐந்தாம் இதழ்

அவையின் நடுவே அமர்ந்து என் நடுக்கத்தைப் பொறுத்தருளும் தலைவர், பேராசிரியர் விஸ்வேஸ்வரன் அவர்களே! வந்தவர் வராதவர் எல்லோரையும் தேடித் தேடி அழைத்து இந்த வாசகர் வட்டத்தை வாழவைக்கும் செயலாளர் உமா மகேஸ்வரி அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! சாரலில் நனைந்த குடையைக் காலடியில் சாய்த்துவிட்டுச் செவி சாய்த்திருக்கும் தாய்மார்களே! இலத்தூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் அன்பர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதியே காலம் கழித்தவன். சத்தம் போடாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன். ஆகவே எழுதி வந்ததைப் படிக்கிறேன். என் கையில் தாள் ஆடினால் மின்விசிறிதான் காரணம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு பழைய பத்திரிகையின் எட்டு இதழ்களை, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எவரும் எங்கிருந்தும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றியிருக்கிறோம். பத்திரிகையின் பெயர் ‘மூன்று உயிர்’. பிறந்த காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிறந்த ஊர் இந்தத் தென்காசி. பேசிய பொருள்? வீடியோ கேம்! ஆட்டத்தில் மூன்று முறை செத்துப் பிழைக்கலாம், அதுதான் பெயர்க்காரணம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, நானும் முதலில் சிரித்தவன்தான்.

அந்தப் பத்திரிகையை எழுதியவர் சனோபர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் ஆசிப் சவூதியில் தம்மாம் நகரில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் டிவியில் செருகி ஆடும் கேம் கேசட்டுகள் கொண்டுவருவார். தங்கை ஆடினார். ஆடியதை ஆராய்ந்தார். ஆராய்ந்ததை எழுதினார். எந்தச் சுவருக்குப் பின்னால் வழி இருக்கிறது, எந்தப் பாலத்தில் நின்றால் விழ நேரும் என்று கையாலேயே வரைபடம் வரைந்தார். சிவகாசியில் காலண்டர் அடித்து மிஞ்சிய வழவழப்பான தாளில் அச்சாகி, பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியது ‘மூன்று உயிர்’. ஆசிரியர் என்று அச்சானதோ ஆசிப்பின் பெயர். பெண்பிள்ளை பெயரைக் கடையில் தொங்கவிடுவதா என்று வீட்டில் தயக்கம்.

ஐந்தாம் இதழில் மட்டும், அண்ணனே வற்புறுத்த, முதல் பக்கத்தின் அடியில் ‘ஆசிரியர்: சனோபர்’ என்று வந்தது. ஆறாம் இதழில் மறுபடி அண்ணன் பெயர். ஒன்பதாம் இதழோடு பத்திரிகை நின்றது. மிஞ்சியது சனோபரின் பெட்டியில் இருந்த ஒரே ஒரு தொகுப்பு.

சென்ற சீசனில் அருவி பெருகி, குற்றாலத்தில் ஆற்றங்கரைத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. சனோபரின் வீட்டுக்குள்ளும் புகுந்தது. பெட்டிக்குள்ளும் புகுந்தது. அடுத்த வாரம் ஸ்கேன் செய்ய வருவதாகச் சொல்லியிருந்த எனக்குக் காலையில் போன் வந்தது. ஓடினேன். என் வயதில் ஓடுவது என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

அங்கே அன்பின் பெயரால் ஓர் அழிவு நடந்துகொண்டிருந்தது! ஒருவர் கொடி கட்டுகிறார். ஒருவர் மின்விசிறியைத் திருப்புகிறார். ஆசிப்பின் மனைவி மாஜிதா இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறார்.

“பதறாத சனோபர், ஒண்ணு தேச்சு முடிச்சாச்சு. எல்லாத்தையும் மொறுமொறுன்னு ஆக்கித் தாரேன்.”

நான் எங்கோ படித்திருந்தேன்: வழவழப்பான தாள் நனைந்தால் அதன் பூச்சு பசையாகிவிடும், அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. படித்ததுண்டு, பார்த்ததில்லை. நான் சொல்வது தவறாக இருந்தால்? என்னால் எல்லாமே போய்விட்டால்? ஆனாலும் கத்தினேன்: “காய வைக்காதீர்கள்!”

மாஜிதா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன சார் சொல்லுதிய? நனைஞ்சதக் காய வைக்காம ஊறுகா போடவா?”

“உறைய வைக்க வேண்டும் அம்மா. உறைந்தால் ஒட்டாது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.”

இஸ்திரி போட்ட இதழைச் சனோபர் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. புரட்டினார். புரளவில்லை. பலகை போல் இருந்தது. அதன் எண்ணைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து.

உறைய வைக்க எங்கே போவது? அருவிக்குப் போகும் வழியில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் இசக்கிமணியிடம் போனோம். அருவியில் தடை நீங்கிக் கூட்டம் வரத் தொடங்கிய நேரம். குளிர்பெட்டி நிறையச் சரக்கு.

“அண்ணாச்சி, சொகமாத்தான் இருக்கியளா?” என்றார் இசக்கிமணி. “சீசன்ல பெட்டியக் காலி பண்ணிட்டுப் பொஸ்தகத்த வைக்கச் சொல்லுதிய. வாறவன் கோன் ஐஸ் கேட்டா அட்டையச் சுருட்டிக் குடுக்கவா?”

சனோபர்தான் முன்னால் வந்து பதில் சொன்னார். “அண்ணாச்சி, இது நான் எழுதுனது.”

“நீங்களா எழுதுனிய?”

“ஆமா. அம்புட்டும் நாந்தான்.”

இசக்கிமணி ஈர அட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏலே, வாங்கலே! ஐஸு சும்மா! தலை தொவட்டுனவன் தொவட்டாதவன் எல்லாம் வாங்க!”

அன்று குற்றாலத்தில் இலவச ஐஸ் தின்ற பாக்கியவான்கள் இந்த அவையில் யாராவது உண்டா? அதோ, இரண்டு கைகள்! நீங்கள் தின்றது எங்கள் பத்திரிகை படுப்பதற்கான இடம் ஐயா!

எட்டு இதழ்களும் உறைந்தன. ஒவ்வொன்றாக எடுத்தோம். ஈரம் இளகும்போதே பக்கத்தைப் பிரித்தோம். இடையிடையே பிளாஸ்டிக் தாள் வைத்தோம். மாஜிதாவின் கைதான் எங்களில் எல்லோரையும்விட நிதானமான கை. பெரும்பாலான பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தவர் அவரே. ஒரு மூலை கிழிந்தாலும் உதட்டைக் கடித்துக்கொள்வார். அவரை எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சனோபர் சொல்லவே இல்லை.

“விளையாட்டுப் பொஸ்தகத்துக்கா இவ்வளவு பாடு?” என்று அதோ, பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் நூலகங்களில் பத்திரிகைகளைத் தொகுத்துக் கட்டும்போது அட்டையையும் விளம்பரங்களையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கட்டுரை போதும் என்பது அன்றைய தீர்ப்பு. இன்று ஆய்வாளர் வந்து எதைக் கேட்கிறார்? அந்த விளம்பரத்தைத்தான் கேட்கிறார்! எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்பளிக்க நாம் யார்? நாளை வருபவனின் கேள்வி நமக்குத் தெரியுமா? தெரியாத கேள்விக்கு விடையைத் தூக்கி எறியலாமா? பேருந்து நிலையத்தில் நின்று ஒரு பையன் எதை ஆசையோடு படித்தான், பத்திரிகைக்கு எதைக் கடிதம் எழுதிக் கேட்டான், வீட்டுக்குள் இருந்து ஒரு பெண் அவனுக்கு என்ன பதில் சொன்னாள் என்பது வரலாறு இல்லையா? அரசர் கல்லில் வெட்டினால்தான் வரலாறா? காலண்டர் தாளில் அச்சடித்தால் இல்லையா?

ஐந்தாம் இதழையும் ஸ்கேன் செய்திருக்கிறோம். பலகையாகவே. மேலட்டை தெரியும். அதன்மேல் இஸ்திரிப் பெட்டி பதிந்த பழுப்பு முக்கோணம் தெரியும். உள்ளே எதுவும் தெரியாது.

அட்டவணையில் அதற்கு ஆசிரியர் பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. கண்ணால் காணாததை எழுதாதே என்பது நான் பயின்ற விதி. ஆயினும் சனோபரின் சொல்லில் எனக்கு ஐயமில்லை. விதியா, மனிதரா? நெடுநேரம் தயங்கிவிட்டுக் கேட்டேன். “நீங்கள் சொன்னதை வைத்து உங்கள் பெயரை எழுதிவிடட்டுமா அம்மா?”

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “வேண்டாம் சார். நாஞ் சொல்லி நீங்க எழுதுனா, அது நம்ம ரெண்டு பேரு பேச்சு. காசு குடுத்து வாங்குனவன் எவனாச்சும் பத்திரமா வச்சிருப்பாம்லா? அவன் கொண்டாரட்டும். அதுவரைக்கும் அந்த எடம் வெறுசாவே கெடக்கட்டும்.”

வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

பெரியோர்களே, தாய்மார்களே! தென்காசியில், இலத்தூரில், வாசுதேவநல்லூரில் அந்த ஐந்தாம் இதழை வாங்கியவர் ஒருவராவது இருக்க வேண்டும். பரணில் பாருங்கள். பழைய டிவிப் பெட்டியின் அடியில் பாருங்கள். வளைகுடாவுக்குப் போய்வந்த பெட்டிகளின் உள்தாளில் பாருங்கள். அடுக்களை அலமாரியில் விரித்த தாளைத் திருப்பிப் பாருங்கள். முழு இதழ் வேண்டாம், முதல் பக்கம் போதும். கறை பட்டிருக்கலாம், கிழிந்திருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். அடியில் அந்த ஒரு வரி இருந்தால் போதும்!

கிடைத்தால் என்னிடம் தர வேண்டாம். அதோ, நான்காம் வரிசையின் ஓரத்தில், மாஜிதாவின் அருகே பச்சை முக்காடிட்டு அமர்ந்திருக்கிறார் சனோபர். அவர் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது, “நான் இதைப் படித்திருக்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

என் தடுமாற்றத்தைத் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், தாள் முடியும்வரை எழாமல் இருந்த உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.