ஒன்றுமே முளைக்காத தட்டு

நோயாளியின் முகம் காணாமலே நோயின் முகம் கண்டவரே, நுண்ணுயிர் ஆய்வகத்தின் நுட்பம் நிறைந்த கண்ணே, முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்களோடு உழைத்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ‘ஏன்’ அக்கா அவர்களே!

அவையில் இருக்கும் கண்மணிகளே, நாற்காலிகளைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மடலுக்குள் ஒரு கதை வைத்திருக்கிறோம். அக்கா, சற்று நேரம் உங்களை உங்கள் எதிரிலேயே ‘அவர்’ என்று சொல்லப் போகிறோம். குறுக்கே ‘ஏன்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஓர் ஆண்டு, கல்லூரி விடுதிப் பெண்களின் கால்பந்து அணியிலிருந்து ஒருத்தி பின் ஒருத்தியாக நம் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒருத்திக்குத் தொடையில் கட்டி, ஒருத்திக்கு அக்குளில். பூச்சி கடித்தது என்றே எல்லாரும் சொன்னார்கள். கடைசியாக வந்த கோல்கீப்பரை நடத்திக் கூட்டிவர முடியவில்லை. காய்ச்சல் கொதித்தது, முழங்கால் மூட்டுக்குள் சீழ் கோத்திருந்தது.

அந்தச் சீழைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி, மருந்து வில்லைகளைப் பதித்து வைத்தார் அக்கா. மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். மறுநாள் பார்த்தால், வழக்கமான மருந்தின் வில்லையை வளையமே விடாமல் உரசிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஹாயாகக் கால் நீட்டியிருந்தது ‘ஸ்டாஃப்’ என்னும் சீழ்க் கிருமி. அந்த முடிவுக்காகவே காத்திருந்த வார்டு டாக்டரம்மா உடனே மருந்தை மாற்றினார். மூட்டைத் திறந்து கழுவினார்கள்.

“நம்ம வேலை முடிஞ்சுதேக்கா” என்றோம். அக்காவுக்கு மட்டும் வேலை முடியவில்லை. முன்பு வந்தவர்களின் தட்டுகளிலும் இதே கிருமிதான். ஓடியாடும் இளசுகள், ஒரே அணி. ஏன்?

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு விடுதிக்கே போனார். உடை மாற்றும் அறையில் ஈரம் காயவில்லை. ஆணியில் ஒரே துண்டு. சோப்புப் பெட்டியில் ஒரே ரேசர். கேப்டன் பெண் வாசலை மறித்து நின்றாள்.

“எங்களை ஆட விடாம பண்ணத்தானே வந்திருக்கீங்க?”

“ஆட்டத்தைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? இந்தத் துண்டு யாரோடது?”

“எல்லாரோடதும்தான். எங்க டீம்ல தனிச் சொத்தே கிடையாது. ஆரஞ்சுன்னாக்கூடச் சுளை எண்ணித்தான் பங்கு.”

“மாத்திரையும் அப்படித்தானா?”

விளையாட்டாகக் கேட்டதுதான். கேப்டனின் முகம் வெளுத்துவிட்டது. கோல்கீப்பருக்கு முதலில் சின்னதாக ஒரு கட்டி வந்தபோது வெளியே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, கட்டி வந்த எல்லாருக்கும் அவள்தான் பகிர்ந்திருந்தாள்.

“நியாயமாத்தான் கொடுத்தேன்கா. ஒருத்திக்குக்கூடக் கூடல, குறையல.”

“உன் நியாயம் கிருமிக்கு ரொம்ப வசதியாப் போச்சு, கண்ணு. ஒருத்திக்கும் முழுசாப் போய்ச் சேரலையே.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “அவ கால் போயிடுமாக்கா?”

அக்காவுக்குப் பொய் வராது. பக்கத்தில் உட்கார்ந்து, “தெரியலைம்மா. பார்த்துத்தான் சொல்லணும்” என்றார்.

அன்றே ஆளுக்கொரு துண்டும் ஆளுக்கொரு ரேசரும் வந்தன. கட்டி இருந்தவர்கள் டாக்டரம்மாவிடம் வந்து, அவரவர் மருந்தை அவரவரே முழுதாக விழுங்கினார்கள். புண் ஆறும்வரை ஆட்டம் நின்றது. கேப்டனோ வார்டு வாசல் பெஞ்சே கதியென்று கிடந்தாள்.

மூட்டிலிருந்து மறுபடி நீர் எடுத்து அனுப்பினார்கள். முளைத்தவற்றையே ஆவலோடு பார்த்துப் பழகிய அக்கா, அந்தத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அவசரப்படாமல் இன்னும் ஒருநாள் விட்டுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்.

“ஒண்ணும் இல்லைம்மா.”

“ஒண்ணும் இல்லைன்னா?”

“ஒண்ணுமே முளைக்கல. இதைவிட நல்ல சேதி எங்க ரூம்லேர்ந்து வராது. காலுக்கு இனி பயமில்லைன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க. போ, உள்ள போய் அவகிட்ட நீயே சொல்லு.”

அக்கா அவர்களே! ஆயிரம் கேள்வி கேட்டும் ஒருவரையும் கூச வைக்காதவர் நீங்கள். ஓடிப் பிடிக்கப் பேருந்து இல்லாத காலைகள் உங்களுக்கு இனிக்கட்டும். கண்ணும் காலும் நலம் குன்றாமல், கேட்க இன்னும் பல்லாயிரம் ‘ஏன்’களோடு நீடு வாழுங்கள்!

கதை கேட்ட கண்மணிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சிராய்த்த முழங்கால்கள் தழும்பின்றி ஆறட்டும். உங்களுள் யார் எந்த முடிவுக்காக எந்தப் பெஞ்சில் காத்திருந்தாலும், ‘ஒன்றும் இல்லை’ என்ற சொல்லே உங்களைத் தேடி வரட்டும்.

என்றும் அன்புடன்,
ஆய்வக, வார்டு, துப்புரவுப் பணியாளர்கள்