பந்தற்காலுக்குப் போட்ட ஈயமும் நம் குருநாதன் ஐயாவும்

உச்சிப்புளிக் கடற்கரை அண்டக்கதிர் அளவை நிலையத்தின் முதுநிலை அளவையாளர் உயர்திரு குருநாதன் அவர்கள் பணி நிறைவு எய்தும் இந்நாளில், உடன் உழைத்தோர் உளமுவந்து வாசித்தளிக்கும் மடல்

அளவையின் அரசே! அண்டக்கதிரின் அணுக்கரே! ஆண்டுக்கணக்கில் அண்ணாந்தே நின்றதால் எதிரில் வருவோரை இடித்துக்கொண்டே நடந்த எந்தையே! விண்ணிலிருந்து வீழும் துகளை விரல்விட்டு எண்ணிய வித்தகரே! வணக்கம்.

இதற்கு மேல் முறைப்படி ‘தாங்கள்’ என்றே தொடர வேண்டும். ஆனால் தங்களைப் பற்றித் தங்களிடமே வாசித்தால், இடையில் எழுந்து, “அங்கன ஒரு பிழை இருக்கு” என்று திருத்தத் தொடங்குவீர்கள் என்பதை நாங்கள் நன்கறிவோம். ஆகவே ‘அவர்’ என்றே வாசிக்கிறோம். வேறு யாரையோ பற்றிய பேச்சென்று எண்ணிக் கேட்டிருங்கள். இந்தக் குடியிருப்பில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் கேட்கப்படுகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாராட்டு மடல் எழுதப் போகிறோம் என்றதும் ஐயா இட்ட நிபந்தனை ஒன்றே: “ஈயக் கதையை எழுதினா மேடைக்கு வாரேன். எழுதலேன்னா வீட்டுல கெடக்கேன்.” அதை எழுத அனுமதி கிடைக்குமா என்று மூன்றாண்டுகளாகக் கை பரபரத்துக் கிடந்தவர்கள் நாங்கள். மறுப்போமா?

ஓலைக் கொட்டகையும் ஓட்டைத் தகரமுமாய் இந்நிலையம் தோன்றிய நாளிலேயே மதுரையிலிருந்து வந்திறங்கியவர் குருநாதன். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இரவும் பகலும் வானிலிருந்து மழையாய்ப் பொழிகின்றன என்றும், அவற்றை எண்ணவே தாம் வந்திருப்பதாகவும் அவர் விளக்கியபோது, நயினார்கோவில் பக்கத்தில் வானம் பார்த்து உழும் சம்சாரி ஒருவர், “அப்படியே நெசமான மழை எப்ப பெய்யும்னும் எண்ணிச் சொல்லிருங்க சாமி” என்றார். ஐயா அதைக் குறித்து வைத்துக்கொண்டார். கேலியைக் கேலி என்று கண்டுகொள்ள அவருக்கு எப்போதும் அரைநாள் பிடிக்கும்.

அவர் ஆண்ட கருவி எளியது. மேலே, துகள் பட்டால் துடிக்கும் எண்ணிக் குழாய்கள் ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை. நடுவே ஈயக்கட்டிகள் அடுக்கிய பெட்டி. வலுவற்ற துகள்கள் ஈயத்தில் அடங்கிவிடும். வலுவுள்ளவை துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். இரு வரிசையும் ஒருசேரத் துடித்தால் ஒரு துகள் கடந்தது என்று கணக்கு. அந்தக் கணக்கைத் துளை அட்டைகளில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்புவார். அங்கே அறையளவு பெரிய கம்ப்யூட்டர் ஒன்று, ஐயா தம் கையாலேயே எழுதித் தந்த புரோகிராமின்படி, காற்றழுத்தத்தின் ஏற்றவிறக்கத்தைக் கழித்து, கருவி கெட்ட நாள்களை ஒதுக்கி, எவர் கையும் படாமல் முடிவை அச்சிட்டுத் தரும். “மனுசன் ஆசைப்பட்டதைத்தான் பாப்பான். மெஷினுக்கு ஆசை கெடையாது” என்று ஐயா சொல்லாத நாளில்லை.

இனி வெட்கத்தின் வாயிலுக்கு வருவோம்.

அறுபத்தொன்றாம் ஆண்டு வைகாசியில் அவருடைய மகளுக்குத் திருமணம். அகன்ற இடம் இந்த நிலையத்து முற்றமே. கடற்காற்றோ அந்த வாரம் வெறிபிடித்து வீசியது. தூர்ந்துபோகும் மணலில் பந்தற்கால் ஒன்றும் நிற்கவில்லை. நட்டுவைத்த கால் சாய, சாய்ந்த காலோடு கீற்றும் பறக்க, பெண்ணைப் பெற்றவர் தலை சுழன்று நின்றார். பிறகு அவரே வழி கண்டார்.

“பெட்டியில இருக்கிற ஈயத்தைக் கொண்டாங்கப்பா. குழிக்குள்ள போட்டு இறுக்குவோம். கல்யாணம் முடிஞ்சதும் அப்படியே அடுக்கிறலாம்.”

நிலையத்தின் உதவியாளர் சுஐபு, புதுமடத்து வலைக்கார வீட்டுப் பிள்ளை, தயங்கி நின்றார். “அளவு கெட்டுப்போகாதாய்யா?”

“இந்த வாரத்தை எண்ணாதேன்னு மெஷினுக்கு ஒரு அட்டை போட்டுட்டாப் போச்சு.”

“மெஷினுக்கும் கல்யாண லீவா?” என்று சிரித்தபடியே சுமந்தார் சுஐபு. பந்தல் நின்றது. பந்தி நிறைந்தது. பாயசம் மட்டும் சற்றுத் தண்ணீராக இருந்தது; மடலில் வரவேண்டிய செய்தியன்று, எனினும் எழுதிவிட்டோம்.

மணம் முடிந்ததும் சுஐபு சீர்வரிசை வண்டியோடு பரமக்குடிக்கு அனுப்பப்பட்டார். பந்தல் பிரித்து ஈயத்தை அடுக்கும் பொறுப்பு ஐயாவின் மைத்துனருக்கு. கால்களைப் பிடுங்கினார்கள்; மணல் சரிந்து குழிகள் தாமே மூடிக்கொண்டன; கைக்கு அகப்பட்ட கட்டிகளை அடுக்கிவிட்டு, மைத்துனர் மாலை ரயிலைப் பிடித்தார். அகப்படாதவை மணலுக்குள் உறங்கின.

ஈயம் குறைந்தால் வலுவற்ற துகளும் கீழே இறங்கும், எண் ஏறும். ஏறியது. கல்யாண வாரத்தைப் பாராதே என்று கட்டளை பெற்ற கம்ப்யூட்டர், முன்னையும் பின்னையும் ஒப்பிட்டு, கோடையிலிருந்து கதிர் வலுத்திருக்கிறது என்று அச்சிட்டது. அப்போது ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மதுரைக் கல்லூரி ஒன்றில் கட்டுரை படித்தார். கழுத்தில் மாலையோடு பேருந்தில் வந்திறங்கி, வேண்டுமென்றே கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு வீடு போனார்.

பம்பாயிலிருந்து மறுமொழி வந்தது: வேறெந்த நிலையத்திலும் அப்படி வலுக்கவில்லை, உங்கள் ஈயத்தைச் சரிபாருங்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு வரிசை குறைந்தது.

கடற்கரையில் ஈயம் காணோம் என்றால் யார்க்கும் முதலில் நினைவு வருவது வலையின் ஓரத்து ஈயக் குண்டுகள்தாம். ஐயாவுக்கும் அப்படியே வந்தது; வலைக்கார வீட்டுச் சுஐபைச் சந்தேகித்தார். சுஐபு நேருக்கு நேர் கேட்டார்: “பந்தக்கால் குழியில தேடிப் பாத்தீகளாய்யா?”

“எம் மச்சினன் எடுத்து அடுக்கினான். அவனைக் கள்ளன்கிறியா?”

அன்று பிற்பகலே புதுமடம் கரையில், ஊர் கூடி நிற்க, சுஐபு வீட்டு வலையை விரிக்கச் சொல்லி, குண்டுகளை அறுத்தெடுத்து, நிலையத்துத் தராசில் வைத்து நிறுத்தார் குருநாதன். சுஐபின் தாயார் ரம்ஜான் பீவி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “வலையை மட்டும் ஏன் நிறுக்குறீக? எம் புள்ளையவும் தூக்கித் தட்டுல வையுங்க. அவன் மானம் எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கிருங்க.”

தராசு எந்தக் குற்றமும் சொல்லவில்லை. ஐயா சொன்னார். சுஐபு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பேசி முடித்திருந்த பெரியபட்டினத்துப் பெண் வீட்டார், நிக்காஹை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள்.

அதோடு ஐயா நிறுத்தவில்லை. திருட்டு என்றைக்கு நடந்தது என்று நாளைக் குறித்துக் காட்ட விரும்பினார். ஒதுக்கிவைக்கும் அட்டையை உருவிவிட்டு, எல்லா நாளும் உட்பட மறுபடி கணக்கிடும்படி பம்பாய்க்கு அனுப்பினார். முடிவு வந்தது. திருமணத்துக்கு முந்தின நாள் எண் விசுக்கென்று ஏறியிருந்தது. திருமணம் முடிந்ததும் பாதிதான் இறங்கியிருந்தது. மீதி அதன்பின் இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. காணாத கட்டிகளை அடுக்கிய பிறகு யாரும் எடுக்கவில்லை; அவற்றை முதலில் அடுக்கவே இல்லை.

காது மடல் சுட்டது அவருக்கு. “குழியில தேடிப் பாத்தீகளாய்யா?” என்ற குரல் அப்போதுதான் அவர் செவியில் ஏறியது. பட்டப்பகலில் மண்வெட்டியோடு முற்றத்தில் இறங்கினார். முதல் குழியிலேயே ணங்கென்றது.

ஐயாவின் துணைவியார் இராமலட்சுமி அம்மையார் வீட்டுப் பின்கட்டிலிருந்து ஓடிவந்தார். “ஏங்க, இங்கன ஒருத்தரும் பாக்கல. பெட்டிக்குள்ள வச்சிட்டுப் பேசாம இருங்க. சம்பந்தி காதுக்குப் போனா நம்ம புள்ள அங்கன தலை நிமிந்து நடக்குமா?”

ஒருத்தரும் பார்க்கவில்லை என்பது அம்மையாரின் நம்பிக்கை. வேலியின் இப்புறத்தில் அன்றைக்குத் துணி உலர்த்தாத வீடு இல்லை.

ஈயக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார் குருநாதன். உள்ளே வைத்தால் அளவு சரியாகிவிடும். பம்பாய் நிறைவடையும். உலகில் எவர்க்கும் இழப்பில்லை, சுஐபு ஒருவனைத் தவிர. அந்த ‘ஒருவனைத் தவிர’ என்பதும் தாம் மெஷினுக்குப் போட்ட ‘எண்ணாதே’ அட்டைதான் என்று அவருக்கு உறைத்தது. எழுந்தார்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஊரார் வெளியே வரும் வேளையில், ஈயக்கட்டியைத் தோளில் சுமந்து புதுமடம் பள்ளிவாசல் எதிரே நின்றார். ஆய்வரங்குகளில் அடுக்குமொழி பேசியவர் அன்று எதையும் அடுக்கவில்லை. “சுஐபு எடுக்கல. நான்தான் புதைச்சேன். அவன் சொல்லியும் நான் தேடல” என்றார். அவ்வளவுதான் வந்தது.

ரம்ஜான் பீவி தம் வீட்டு வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: “இங்கன சொன்னாப் பத்துமா? அங்கன பெரியபட்டினத்துல ஒரு பொண்ணு காத்துக் கெடக்கே, அங்கயும் வந்து சொல்லுங்க.”

போனார். கட்டியையும் சுமந்தே போனார். பெண் வீட்டுக் கூடத்தில் எல்லார் முன்னும் அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னார். திரும்பும்போது மாலை இல்லை, கடைத்தெருவையும் சுற்றவில்லை. கட்டுரை படித்த கல்லூரிக்கும் எழுதினார்: வலுத்தது கதிரன்று, குறைந்தது என் ஈயம். அறுத்த குண்டுகளைத் தாமே கோத்துத் தருவதாக உட்கார்ந்து ஒரு முழம் கோத்தார். ரம்ஜான் பீவி அதைப் பார்த்துவிட்டு, “இதைக் கடல்ல போட்டா மீனு சிரிக்கும்” என்று பிடுங்கிக்கொண்டார்.

சுஐபு மீண்டும் வேலைக்கு வர ஒரே ஒரு நிபந்தனை இட்டார். “வாரேன்யா. ஆனா ஈயப் பெட்டிச் சாவி இனிமே எங்கிட்டத்தான் இருக்கும்.”

அன்று தொட்டு இன்றுவரை, முதுநிலை அளவையாளர் காலைதோறும் தம் உதவியாளர் முன் கைநீட்டி நிற்பார். “எதுக்குய்யா?” என்று சுஐபு கேட்பார். “சரியா இருக்கான்னு பாக்க” என்பார் ஐயா. ஒரு நாளும் அந்தக் கேள்வி தவறவில்லை. ஒரு நாளும் அவர் முகம் சிவக்காமலும் இல்லை.

ஐயா! இன்று காலை பொறுப்பை ஒப்படைக்கையில் மேசைமேல் வைக்கத் தங்களிடம் அந்தச் சாவி இல்லை. புதிய அதிகாரி காரணம் கேட்க, தாங்கள் தலை கவிழ்ந்தீர்கள். அப்போது சுஐபு முன்வந்து, “இன்னிக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன். உள்ள போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்கய்யா” என்று சாவியை நீட்டினார். தாங்கள் வாங்கவில்லை.

“கேளுப்பா” என்றீர்கள். “கேட்டாத்தான் போவேன்.”

பெருந்தகையீர்! அம்மையாருடனும் மகள், மருமகன், பேத்தியுடனும் தாங்கள் பல்லாண்டு நலமுற்றிருக்க வேண்டும். இந்த மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டு வந்தவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டவேண்டும் என்று தாங்களே கேட்டதால், ஆணியும் சேர்த்தே அளிக்கிறோம்.

உச்சிப்புளி, 1964 ஜூன் 30

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத
அளவை நிலையப் பணியாளர்களும்
குடியிருப்பு வேலிக்கு இப்புறத்தாரும்